பழைய ரீலுக்குப் புதுப் பாகம் போடலாமா?

தூண்டில் என்றதும் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவது மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, முள், மண்புழு. அவ்வளவுதான். ஸ்வீடன், இங்கிலாந்து, அமெரிக்கா பக்கம் போனால் இதோடு இன்னொரு சாமானும் சேரும். அதுதான் ரீல். கம்பின் அடிப்பக்கத்தில் மாட்டியிருக்கும் ஓர் உருளை. அதில் நூறு, இருநூறு மீட்டர் நரம்பு சுற்றியிருக்கும். வீசும்போது உருளை தானாகச் சுழன்று நரம்பை விடும். மீன் மாட்டியதும் கைப்பிடியைச் சுற்றி நரம்பை உள்ளே இழுக்க வேண்டும்.

இந்த ரீல்களில் 1950கள், 1970களில் செய்தவற்றைத் தேடி வாங்குகிற ஒரு கூட்டம் இருக்கிறது. வாங்கி அலமாரியில் வைக்கிறவர்கள் ஒரு ரகம். இன்னொரு ரகம், வாங்கின அன்றே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திறந்துவிடுகிறவர்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைக் கழற்றி வேறு மாடலின் பல்சக்கரத்தைப் போடுவார்கள். பழைய வாஷரை எடுத்துவிட்டுக் கார்பன் வாஷர், சின்னக் கைப்பிடிக்குப் பதில் நீளமான கைப்பிடி... பழைய புல்லட்டைக் கழற்றிப் பூட்டுகிறவர்களை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தேய்மானம், உதிரிபாகம், மறுவிற்பனை மதிப்பு, ஒரு கம்பெனியைப் பிரித்து விற்பது என்று சிலபஸில் பாதி இதற்குள் இருக்கிறது :-)

கடிகாரக் கம்பெனியின் ரீல்

இந்தக் கதையில் முக்கியமான ரீலின் பெயர் அம்பாசடர். கார் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால் இது அந்தக் காருக்கும் முந்தியது.

ஸ்வீடனின் தெற்கே ஸ்வெங்ஸ்டா என்று ஒரு சின்ன ஊர். சால்மன் மீனுக்குப் பேர்போன மோரும் ஆறு அந்த வழியாக ஓடுகிறது. 1921-ல் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் என்பவர் அங்கே ஏ.பி. ஊர்ஃபாப்ரிக்கன் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். ஸ்வீடிஷ் மொழியில் 'ஊர்' என்றால் கடிகாரம். கடிகாரத் தொழிற்சாலை என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். பெயரைச் சுருக்கினால் 'அபு'. சட்டைப்பையில் வைக்கும் கடிகாரத்தில் தொடங்கி, டாக்ஸி மீட்டர் வரை செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது, டாக்ஸி மீட்டர் வியாபாரம் படுத்தது. மிஷின்களும் கைத்திறன் உள்ள ஆட்களும் சும்மா இருந்தபோது கம்பெனி தூண்டில் ரீல் பக்கம் திரும்பியது. 1952-ல் வந்ததுதான் சிவப்பு நிற அம்பாசடர் 5000.

கடிகாரக்காரர்கள் செய்ததால் உள்ளே எல்லாம் கடிகாரம் மாதிரியே. சின்னப் பித்தளைப் பல்சக்கரங்கள், சின்ன ஸ்பிரிங்குகள், துல்லியமான அளவுகள். அந்தக் காலத்து 5000 ஒரு தோல் பெட்டியில் வரும். பெட்டிக்குள் ரீலோடு ஒரு சின்ன எண்ணெய்க் குழாய், திறப்பதற்கு ஒரு கருவி, கொஞ்சம் உதிரிபாகங்கள் இருக்கும். வாங்குகிறவர் ஒருநாள் இதைத் திறப்பார், திறக்கட்டும் என்று கம்பெனியே நினைத்திருக்கிறது. இன்றைக்கு எத்தனை சாமான் அப்படி வருகிறது? 'திறந்தால் வாரண்டி கிடையாது' என்ற ஸ்டிக்கர்தான் வருகிறது.

இன்னொரு விஷயம். 1970களின் நடுவில் செய்த அம்பாசடர்களின் அடிப்பாதத்தில் ஆறு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், கடைசி இரண்டு அந்த மாடலில் வந்த திருத்தம். 750701 என்று இருந்தால் 1975 ஜூலை, திருத்தம் 01. பாகம் வாங்குகிறவர் ஊகிக்க வேண்டியதில்லை, பாதத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

மாடல்கள் வந்துகொண்டே இருந்தன. 5000, 5500, 6000, 6500, பிறகு பால் பேரிங்கோடு 'சி' வகை. வெளியே நிறமும் எண்ணும் மாறினாலும் உள்ளே பல அளவுகள் பெரிதாக மாறவில்லை. பாகம் மாற்றுகிற பொழுதுபோக்குக்கு அஸ்திவாரமே இதுதான்.

என்னென்ன மாற்றுகிறார்கள்?

முதலில் பல்சக்கரம். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை எத்தனை முறை சுற்றும் என்பதுதான் விகிதம். ஆரம்பத்து 5000-ல் அது 3.6:1. பின்னால் வந்த 6500 சி-யில் 4.7:1. அதற்கும் பிறகு 5.3:1, 6.3:1 என்று வந்தன. 4.7 இருக்கும் 6500 சி-யில் 6.3 ஜோடியைப் போடுவது ரொம்பப் பிரபலமான மாற்றம்.

ஒரு சின்னக் கணக்கு. நரம்பு நிறைந்த உருளையின் விட்டம் 35 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு சுமார் 11 செ.மீ. 4.7 விகிதத்தில் ஒரு சுற்றுக்கு சுமார் 52 செ.மீ. நரம்பு உள்ளே வரும். 6.3 விகிதத்தில் 69 செ.மீ. முப்பது மீட்டர் இழுக்க முதலாவதில் 58 சுற்று, இரண்டாவதில் 43 சுற்று. நாள் முழுக்க வீசி இழுக்கிறவரின் மணிக்கட்டுக்கு இது பெரிய வித்தியாசம்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. பெரிய சக்கரம், அதோடு சேர்ந்து ஓடும் சின்னப் பினியன் இரண்டின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் ரீலின் உடம்பிலேயே நிர்ணயமாகிவிட்டது. பெரிய சக்கரத்தில் பல் கூடினால் பினியனில் பல் குறைய வேண்டும். ஆகவே ஜோடியாகத்தான் மாற்ற முடியும். ஒன்றை மட்டும் மாற்றினால் பல் பொருந்தாது, அல்லது பொருந்துவது போல ஓடி இரண்டு நாளில் தேய்ந்துவிடும்.

வேகம் கூடினால் பலம் குறையும், இது சைக்கிள் கியர் போட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். 4.7-லிருந்து 6.3-க்குப் போனால் அதே கைப்பலத்துக்கு இழுவை கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். அதனால் கைப்பிடியையும் மாற்ற வேண்டியதாகிறது. நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் இழந்த பலம் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது டிராக். பெரிய மீன் திமிறி ஓடும்போது நரம்பு அறுந்துவிடாமல் உருளை கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக் கொடுக்க வேண்டும். இதற்காகப் பெரிய சக்கரத்துக்குள் உலோக வாஷரும் உராய்வு வாஷரும் மாறி மாறி அடுக்கியிருக்கும். நட்சத்திர வடிவக் குமிழைத் திருகினால் அடுக்கு இறுகும். பழைய ரீல்களில் உராய்வு வாஷர் தோலாலோ ஃபைபராலோ ஆனது. காய்ந்து இறுகிப்போனால் முதலில் பிடித்துக்கொள்ளும், பிறகு சட்டென்று விடும். அந்தச் சட்டென்ற நொடியில்தான் நரம்பு அறும். கார்பன் இழை வாஷர் போட்டால் முதல் இழுப்பிலிருந்தே ஒரே சீராக வழுக்கும். செலவு குறைவு, பலன் அதிகம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்தில் கல்நார் கலந்த வாஷர்களும் உண்டு. பழைய வாஷரை உப்புத்தாளில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

மூன்றாவது உருளையின் ஓட்டம். புஷ்ஷில் ஓடும் உருளைக்கு பால் பேரிங் போடுவார்கள். பேரிங் இருந்தால் அதிலுள்ள கெட்டியான கிரீஸைக் கழுவிவிட்டு ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுவார்கள். இதில் உச்சத்துக்குப் போனவர்கள் இங்கிலாந்தின் கடற்கரைக்காரர்கள். அங்கே 150 கிராம் ஈயக் குண்டை எவ்வளவு தூரம் வீசலாம் என்று போட்டியே நடக்கும். தேர்ந்தவர்கள் திடலில் 250 மீட்டருக்கும் மேல் வீசியிருக்கிறார்கள். அவர்களுக்கு அம்பாசடரில் ஒரு பாகம் இடைஞ்சலாக இருந்தது. நரம்பை உருளை முழுக்கச் சீராகப் பரப்புவதற்காக முன்னால் ஒரு சின்ன வளையம் இருக்கும். கனமான ஈயத்தை வீச முன்னால் தடித்த நரம்பு முடிச்சுப் போட வேண்டும், அந்த முடிச்சு இந்த வளையத்தில் உரசும். 'கழற்றி எறி' என்று கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் வெறும் கம்பி வைத்துச் சட்டத்தை இறுக்கினார்கள். பின்னாளில் கம்பெனியே அப்படி வளையம் இல்லாத 6500 வகையை விற்க ஆரம்பித்தது. வாடிக்கையாளர் செய்த மாற்றம் கேட்டலாக்கில் ஏறிவிட்டது!

உருளை அளவுக்கு மீறி ஓடினாலும் ஆபத்துதான். ஈயம் வேகம் குறைந்த பிறகும் உருளை அதே வேகத்தில் சுற்றினால் நரம்பு சிக்கி ஒரு குருவிக்கூடு உருவாகும். இதற்குக் காந்த பிரேக் போட்டார்கள். அலுமினிய உருளைக்குப் பக்கத்தில் சின்னக் காந்தங்கள் இருந்தால், உருளை சுற்றும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது சுழற்சியை எதிர்க்கும். ஒன்றை ஒன்று தொடவே தொடாது, அதனால் தேய்மானமும் இல்லை.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். டிராக்கின் பலம் கூடினால் அந்தப் பாரம் பல்சக்கரத்தின் பற்களில் விழும். கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, அதிலும் விழும். அது உடைந்தால் கைப்பிடி பேய் மாதிரி பின்னால் சுற்றி விரலைப் பதம் பார்க்கும். நாக்கைப் பலமாக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். சட்டம் முறுக்கினால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகும்.

அமெரிக்காவின் பென் ரீல்களில் இந்தச் சங்கிலி நன்றாகத் தெரியும். ஜெர்மனியிலிருந்து போன ஆட்டோ ஹென்ஸி என்பவர் 1932-ல் பிலடெல்ஃபியாவில் தொடங்கிய கம்பெனி அது. அவர்களுடைய ஜிக்மாஸ்டர் 500 கடலில் சாதாரண மக்கள் பயன்படுத்திய ரீல். பென்னின் பாக எண்களைப் பார்த்தாலே ஒழுங்கு புரியும். முதல் எண் பாகத்தின் வகை, அடுத்தது மாடல். 5 என்று தொடங்கினால் பெரிய பல்சக்கரம், 13 என்று தொடங்கினால் பினியன். எந்த ஆண்டுப் பட்டியலை எடுத்தாலும் அதே முறை.

கலிஃபோர்னியாவின் க்ளென்டேல் நகரில் கார்ல் நியூவெல் என்பவர் இந்த ஒழுங்கைப் பயன்படுத்திக்கொண்டார். பென் ரீலுக்குப் பொருந்துகிற மாதிரி இலேசான அலுமினிய உருளை, இறுக்கமான குறுக்குக் கம்பிகள், பலமான அடிப்பாதம் என்று தனியாகச் செய்து விற்றார். பென்னின் பக்கத் தட்டு அப்படியே இருக்கும், நடுவில் உள்ளது நியூவெல்லுடையது. உயிருள்ள சின்ன மீனை இரையாக வீசுகிறவர்களுக்கு உருளை இலேசாக இருப்பது முக்கியம். அதனால் பாகங்கள் நன்றாக விற்றன. பிறகு அவர் சொந்த ரீலே செய்ய ஆரம்பித்துவிட்டார். அடுத்தவர் கம்பெனியின் அளவுகளை நம்பி ஒரு தொழில் பிறந்திருக்கிறது. பென் வருடத்துக்கு ஒருமுறை அளவை மாற்றியிருந்தால் நியூவெல் கடையைத் திறந்திருக்கவே முடியாது.

விலை என்ன ஆகும்?

இனி காமர்ஸ் பக்கம். நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் பத்து வருட ஆயுள் உள்ள சாமானின் புத்தக மதிப்பு பதினோராம் வருடம் பூஜ்யம். எழுபது வயது ரீலுக்கு இந்தப் பாடம் பொருந்தாது. அதற்கு இரண்டு மதிப்பு இருக்கிறது, இரண்டும் எதிர்த்திசையில் போகின்றன.

சேகரிப்பவர் பார்க்கிறது அசல் தன்மை. பெட்டி, காகிதம், கீறாத நிறம், அந்த ஆண்டுக்கு உரிய திருகு கூட அதுவாகவே இருக்க வேண்டும். மீன் பிடிப்பவர் பார்க்கிறது வேலை. கார்பன் வாஷர் போட்ட ரீல் அவருக்கு அதிகம் பெறும், சேகரிப்பவருக்குக் குறைவாகப் பெறும். ஸ்வீடனில் ஒரு வீட்டின் பரணில் தாத்தாவின் சிவப்பு 5000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேரன் அதில் மீன் பிடிக்க ஆசைப்படுகிறான். டிராக் காய்ந்துபோய் இருக்கிறது. மாற்றினால் தாத்தா வைத்திருந்தது போல இருக்காது. மாற்றாவிட்டால் முதல் பெரிய மீனிலேயே நரம்பு போய்விடும். தாத்தா அதை வாங்கினது கண்ணாடிப் பெட்டியில் வைக்கவா, ஆற்றுக்குக் கொண்டுபோகவா?

இந்தக் கேள்விக்குப் பழைய ஆட்கள் கண்ட நல்ல வழி ஒன்று உண்டு: திரும்ப முடிகிற மாற்றம் மட்டும் செய்வது. கழற்றின ஒவ்வொரு அசல் பாகத்தையும் ஒரு சின்னப் பையில் போட்டு, ரீலின் அடிப்பாத எண்ணை எழுதி வைத்துவிட வேண்டும். வாஷர், பேரிங், கைப்பிடி எல்லாம் பத்து நிமிடத்தில் திரும்பப் போட்டுவிடலாம். துளை போடுவது, அரம் போட்டுத் தேய்ப்பது, நிறத்தைச் சுரண்டுவது மட்டும் திரும்பாது.

ஆனால் இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. 'எனக்கு அசல் பாகம்தான் வேண்டும், அதே காலத்து ஸ்வீடன் பாகம்தான் வேண்டும்' என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அந்தப் பாகம் எங்கிருந்து வரும்? கடையின் மூலையில் விற்காமல் கிடந்த சரக்கு தீர்ந்துவிட்டால் இன்னொரு பழைய ரீலிலிருந்துதான் வர வேண்டும். உடைந்துபோன ரீலிலிருந்து வந்தால் பரவாயில்லை. எப்போதும் அப்படி இருக்காது. ஒரு முழு ரீலின் விலையைவிட அதன் பல்சக்கரம், கைப்பிடி, பக்கத் தட்டு, உருளை எல்லாவற்றையும் தனித்தனியாக விற்றால் அதிகம் வரும் என்கிற நிலை வந்துவிட்டால், வியாபாரி என்ன செய்வார்? நன்றாக ஓடுகிற ரீலையே பிரித்துவிடுவார். ஓடுகிற கம்பெனியை வாங்கி, நிலம் தனி, மிஷின் தனி என்று விற்றுவிட்டுப் போகிறார்களே, அதே கணக்கு. 1952-லோ 1975-லோ செய்த ரீல் இனி ஒன்று கூடப் புதிதாகப் பிறக்காது. பிரித்த ஒவ்வொன்றும் மொத்தத்திலிருந்து ஒன்று குறைந்தது குறைந்ததுதான்.

இப்படிப் பார்த்தால் வழக்கமான தீர்ப்பு தலைகீழாகிறது. அசல் பாகம் தேடுகிறவர் தூய்மைவாதி, புதிதாகச் செய்த பாகம் போடுகிறவர் பழமையைக் கெடுக்கிறவர் என்பதுதான் பொதுப் பேச்சு. ஆனால் தூய்மைவாதியின் ஒரு ரீல் ஒழுங்காக ஓட, எங்கோ இன்னொரு அசல் ரீல் பிணமாக வேண்டியிருக்கலாம். இன்றைய பட்டறையில் வெட்டின கார்பன் வாஷர், புதிதாகக் கடைந்த பல்சக்கரம், புதிய பேரிங் போடுகிறவரால் எந்த ரீலும் சாகவில்லை. அவர் கழற்றிப் பையில் போட்டு வைத்த அசல் பாகமும் உலகத்தில் பத்திரமாக இருக்கிறது. பழைய ரீல்களின் எண்ணிக்கையைக் காப்பாற்றுகிறவர் உண்மையில் அவர்தான்.

எல்லா ரீலுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. முதல் வருடங்களின் 5000, கீறல் இல்லாமல் தோல் பெட்டியோடு கிடைத்தால், அதைத் திறந்து எண்ணெய் விட்டு மூடிவிடுவதுதான் மரியாதை. அதில் மீன் பிடித்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் அவசியம் இல்லை. 1970களில் ஏராளமாகச் செய்த 6500 சி-யும் ஜிக்மாஸ்டரும் வேறு. அவை உழைக்கப் பிறந்தவை. உப்புத் தண்ணீரில் உழைத்துக் கீறல் விழுந்த ஒன்றுக்குப் புது டிராக் போட்டுத் திரும்பக் கடலுக்கு அனுப்புவதில் எந்தப் பாவமும் இல்லை.

அபு, பென் இரண்டும் பிற்காலத்தில் கைமாறி, ப்யூர் ஃபிஷிங் என்ற ஒரே கம்பெனியின் கீழ் வந்துவிட்டன. முதலாளிகள் மாறினார்கள், கேட்டலாக்குகள் மாறின. ஆனால் அன்றைக்கு ஸ்வெங்ஸ்டாவிலும் பிலடெல்ஃபியாவிலும் வரைபடம் போட்டவர்கள் எழுதி வைத்த அளவுகள் இன்னும் வேலை செய்கின்றன. அதனால்தான், அவர்களைப் பார்த்தே இராத யாரோ ஒருவர் இன்றைக்கு ஒரு வாஷரை வெட்டிப் போட்டால் அது சரியாக உட்காருகிறது.

ரீலோ, ஸ்கூட்டரோ, தையல் மிஷினோ, பழைய சாமான் ஒன்றை வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பது நல்லது. இதற்கு இன்னும் யாராவது பாகம் செய்கிறார்களா? ஆமாம் என்று பதில் வந்தால் தைரியமாக வாங்கலாம். வாங்கின கையோடு சின்னப் பிளாஸ்டிக் பைகளையும் பெயர் எழுத ஒரு பேனாவையும் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.